குறும்பு என்னும் சொல்

ரெங்கம் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பயின்ற பழைய தலைமுறையினர் பலருக்கு, முன்கையிலோ பிடரியிலோ ஒரு சூட்டின் நினைவு தங்கியிருக்கும். ரப்பர்க்காய் வெடிக்கும் பருவத்தில் மரத்தடியில் சிதறிக் கிடக்கும் புள்ளியும் கோடும் இட்ட விதையைப் பொறுக்கி, சிமிந்தித் தரையில் பரபரவெனத் தேய்த்து, சூடு ஆறுமுன் பக்கத்திலிருப்பவன் கையில் வைத்து அழுத்திவிட்டு ஓடுவது அப்பிள்ளைகளின் விளையாட்டு. சுட்டவன் சிரிப்பான், சுடப்பட்டவன் அலறுவான், சற்று நேரத்தில் அவனும் ஒரு விதையைத் தேய்க்கத் தொடங்குவான். முறையீடு ஆசிரியரிடம் சென்றால், ‘குறும்புக்காரப் பயல்கள்’ என்ற ஒரே தொடரில் வழக்கு முடிந்துவிடும்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் காலை வேளையில் நிரைக்குள் புகுந்து, பால் வடிந்து நிறையும் மங்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துவிட்டு ஓடினான் என்று வைத்துக்கொள்க. அவனுக்கு இதுவும் விளையாட்டே. அதே கை, அதே சிரிப்பு, அதே ஓட்டம். ஆயினும் எடுத்த பாலின் எடையைப் பொறுத்துக் கூலி கூடுவதும் குறைவதுமாக இருந்த தோட்டத்தில், இருள் பிரியாத முன்னே பெரட்டுக்கு வந்து நின்ற ஒரு தாயின் அன்றைய உழைப்பு அச்சிரிப்போடு மண்ணில் வடிந்துவிடுகிறது. இதனைக் குறும்பு என்று கூற எவருக்கும் நா எழுவதில்லை.

செயலின் தோற்றம் ஒன்றாயிருக்கப் பெயர் வேறாவது ஏன்? எந்த எல்லையைத் தாண்டும்போது குறும்பு தன் பெயரை இழக்கிறது? அவ்வெல்லையை வரைபவன் யார்? செய்தவனா, பட்டவனா, பார்த்திருந்தவனா? இவ்வினாவைத் தொடுமுன் சொல்லைத் தொட வேண்டும்.

பிள்ளைகளின் துள்ளலைக் குறிக்கத் தமிழர் நாவில் வழங்கும் சொற்கள் பல. குறும்பு, சேட்டை, துடுக்கு, விஷமம், லூட்டி, வால்தனம் என அவை நீளும். கோயம்புத்தூர்ப் பக்கத்தார் குசும்பு என்பதைத் தம் ஊர்ச் சொத்தாகவே கொண்டாடுவர். இவை ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் பிள்ளையை ஒவ்வொரு கண்ணால் பார்க்கிறது. வால் என்றவன் குரங்கைக் கண்டான். மற்றவற்றின் பிறப்பு அத்துணை வெளிப்படையாக இல்லை.

சேட்டை என்பதை எடுத்துக்கொள்க. தமிழில் இவ்வடிவத்தில் இரு வேறு சொற்கள் வந்து கலந்திருக்கின்றன. ஒன்று, மூத்தவள் என்னும் பொருளுடைய ‘ஜ்யேஷ்டா’ என்னும் வடசொல்லின் திரிபு. திருமகளின் தமக்கையாகக் கருதப்பட்ட இத்தெய்வத்தை வள்ளுவர் தவ்வை என்றும் முகடி என்றும் குறித்தார். தொண்டரடிப்பொடியாழ்வார் சேட்டை என்றே பெயர் சுட்டினார். திருப்பரங்குன்றத்தில் எட்டாம் நூற்றாண்டில் இவளுக்குக் குடைவரைக் கோயிலும் எடுத்தனர். காலப்போக்கில் வழிபாடு மறைந்து, மூதேவி என்னும் வசை மட்டும் எஞ்சியது. மற்றொரு சேட்டையோ ‘சேஷ்டா’ என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் அசைவு, செயல், முயற்சி என்பதேயாகும். பிள்ளையின் சேட்டை இந்த இரண்டாவது சேட்டை. ‘மூதேவி, சேட்டை செய்யாதே’ என்று ஒரே மூச்சில் அதட்டும் தாய், அறியாமலே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறாள். பிறப்பளவில் இச்சொல் பிள்ளையின்மீது எக்குற்றமும் சுமத்தவில்லை; பிள்ளை அசைகிறது என்று மட்டுமே சொல்லுகிறது. அசைவே குற்றமாகத் தோன்றும் வகுப்பறைகள் உண்டென்பது வேறு செய்தி.

விஷமம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதை இதனினும் இரங்கத்தக்கது. நஞ்சு என்னும் பொருளுடைய விஷத்திலிருந்து இது பிறந்தது என்று பலர் நம்புகின்றனர். அவ்வாறன்று. சமம் என்பதன் எதிர்மறையே விஷமம். மேடு பள்ளமானது, ஒழுங்கு பிறழ்ந்தது என்பதே அதன் முதற்பொருள். ஒரு சீரான தரையில் திடீரென ஒரு மேடு. நடப்பவன் கால் இடறுகிறது. விஷமக்காரப் பிள்ளை அம்மேடு போன்றவன், நஞ்சு உடையவன் அல்லன். ஆயினும் ஓசை ஒப்புமை தன் வேலையைச் செய்துவிட்டது. இன்று ‘விஷமி’ என்று ஒருவனைச் சுட்டுவோர் மேட்டை நினைப்பதில்லை, நஞ்சையே நினைக்கின்றனர். ஒலியின் தற்செயலால் ஒரு சொல் நஞ்சேறக்கூடும் என்றால், அச்சொல்லைச் சுமக்கும் பிள்ளையின் நிலை என்ன?

இனிக் குறும்பு. தமிழாசிரியர் எவரும் கருப்பொருள் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதியிருப்பர். குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, மருதத்திற்குப் பேரூர், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும் என ஊர்ப்பெயர்களை வரிசையிட்டு வருகையில், பாலைக்கு நேரே எழுதப்படும் ஊர்ப்பெயர் குறும்பு. மாணவர் அதனை மனனம் செய்து தேர்விலும் எழுதிவிடுகின்றனர். தாம் நாள்தோறும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பெயர் அதுவே என்று வியந்து கேட்பவர் அரியர். (இளங்காயைக் குறிக்கும் குரும்பைக்கு இடையின ரகரம், குறும்புக்கு வல்லின றகரம். இரண்டையும் மயக்கி எழுதும் விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வந்தவண்ணமே உள்ளன.) வழிப்போக்கரை அலைத்துப் பொருள் கவர்ந்து வாழ்ந்தோரின் அரணிருக்கை அது. புறநானூற்றின் 21-ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், உக்கிரப் பெருவழுதி வென்ற கானப்பேர் எயிலைச் சூழ்ந்து நின்ற கடத்தற்கரிய காவலைக் குறும்பு என்ற சொல்லாலேயே சுட்டினார். அந்தக் கானப்பேரே இன்றைய காளையார்கோயில். வள்ளுவர் நாட்டின் இலக்கணம் கூறுமிடத்து, வேந்தனை அலைக்கும் ‘கொல்குறும்பு’ இல்லாததே நாடு என்றார். அவ்விடத்துக் குறும்பு என்பது குறுநிலத்தில் அரண் கட்டிக்கொண்டு, பேரரசுக்குப் பணியாமல், அக்கம்பக்கத்தை அலைத்துத் திரிந்த குறும்பரைக் குறிக்கும்.

அரணிலிருந்து அரணுடையோனுக்கும், அவனிடமிருந்து அவன் அடங்காமைக்கும், அடங்காமையிலிருந்து பிள்ளையின் துள்ளலுக்கும் இப்பொருள் நடந்து வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். சொற்கள் இவ்வாறு நடப்பது புதிதன்று. தொல்காப்பியர் காலத்தில் நிலையின்மையைக் குறித்த வம்பு, புதியோரைக் குறித்து, இன்று வேண்டாத சண்டையையும் புறம்பேச்சையும் குறிக்கிறது. லூட்டி என்பதற்கும் கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்’ என்னும் இந்துஸ்தானிச் சொல்லுக்கும் உள்ள உறவு காதுக்கே புலப்படும். ஆங்கிலேயரும் அச்சொல்லை இந்தியாவிலிருந்தே எடுத்துச் சென்றனர். ஆக, கொள்ளைக்காரரின் சொற்கள் இரண்டு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து, வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் தோளில் அமர்ந்திருக்கின்றன. கடுமையான சொல் பிள்ளையைத் தொட்டவுடன் கனிந்துவிடுகிறது போலும்.

இந்நடையில் ஒரு கூறு மட்டும் மாறாமல் தொடர்ந்து வந்தது. அது சொல்லின் அடியிலுள்ள ‘குறு’. குறுநிலத்தான் பேரரசனுக்கு அடங்காமை குறும்பு. சிறு பிள்ளை பெரியவர்க்கு அடங்காமை குறும்பு. இரண்டிலும் சிறியது பெரியதை எதிர்கொள்கிறது. பேரன் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்தால் குறும்பு; தாத்தா பேரனின் கண்ணாடியை ஒளித்து அவனைப் பள்ளிக்குத் தடவித் தடவிப் போகச் செய்தால் அதற்கு வேறு பெயர். மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருங்கே கேட்டு வளரும் சாங் கஞ்சில் கதைகளிலும் இதுவே முறை. ஆற்றைக் கடக்க வேண்டிய சருகுமான், அரசர் சுலைமானின் ஆணைப்படி எண்ண வந்ததாகச் சொல்லி முதலைகளை வரிசையாக மிதக்கச் செய்து, அவற்றின் முதுகின்மேல் தாவிக் கரையேறுகிறது. அது சொல்வது பொய்யே. ஆயினும் கேட்கும் பிள்ளை சிரிக்கிறது. அப்பொய்யை முதலை சொல்லிச் சருகுமானை ஏமாற்றியிருந்தால் அது வேட்டைக் கதையாகிவிடும். மலாக்காவின் தோற்றக் கதையில் பரமேசுவராவின் வேட்டை நாயை உதைத்து வீழ்த்தியதும் இதே சருகுமான்தான்; அது ஒரு சிறிய விலங்கு என்பதனாலேயே அக்கதை நிலைத்தது.

ஆனால் இவ்விடத்தில் நின்றுவிடுதல் எளிதான பிழை. சிறியோன் செய்தால் எல்லாம் பொறுக்கத்தக்கது என்று ஆகிவிடும். வள்ளுவர் குறும்பு என்று மட்டும் கூறாமல் ‘கொல்’ என்ற அடையைச் சேர்த்தமை கருதத்தக்கது. வேந்தனை நோக்கச் சிறியனாகிய அக்குறும்பன், தன் அரணுக்கு அருகே வாழ்ந்த உழவனை நோக்க மிகப் பெரியன். ஒருவனே ஒரு திசையில் சிறியனும் மறுதிசையில் பெரியனும் ஆகிறான். சிறுமை என்பது உடம்பிலோ வயதிலோ ஒட்டியிருக்கும் பண்பன்று. யாரை நோக்கி நிற்கிறான் என்பதில் அமைவது. மங்கைக் கவிழ்த்த சிறுவன் வயதால் அத்தாயினும் இளையவன். ஆயினும் அக்கணத்தில் அவள் கூலி அவன் காலடியில் இருந்தது.

ஆசிரியர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. வகுப்பில் உயரமும் வலிமையும் மிக்க ஒரு மாணவன், மெலிந்த ஒருவனின் உணவுப் பொட்டலத்தை ஒவ்வொரு நாளும் ஒளித்து வைக்கிறான் என்க. ஆசிரியரின் கண்ணுக்கு இருவரும் சிறுவர். இருவரும் தமக்குக் கீழே இருப்பவர். ஆகவே ‘குறும்பு’ என்ற சொல் தயங்காமல் வந்துவிடுகிறது. அவர் தமக்கும் அப்பையனுக்கும் உள்ள தொலைவை அளந்தார். அவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள தொலைவை அளக்கவில்லை. கனிவான சொல்லைச் சொன்னதாக அவர் எண்ணுகிறார். அக்கனிவு ஒருவனுக்குக் கேடயமாகி மற்றவனுக்குக் கதவடைப்பாகிறது.

பண்டை இலக்கியம் இவ்வகையில் இன்றைய ஆசிரியரைவிடக் கூர்ந்து நோக்கியது. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியுள் 51-ஆம் பாட்டைக் கல்லாத தமிழ் மாணவர் இலர். தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், கூந்தலில் சூடிய மாலையைப் பறித்தவன், பந்தைக் கவர்ந்து ஓடியவன் பின்னொரு நாள் வீட்டு வாயிலில் நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் சொற்படி நீர் கொண்டு சென்ற மகளின் வளையணிந்த முன்கையைப் பற்றுகிறான். அவள் தாயைக் கூவி அழைக்கிறாள். தாய் அலறி ஓடிவர, மகளோ நீர் குடிக்கையில் அவனுக்கு விக்கிற்று என்று கூறிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவ, அவன் கடைக்கண்ணால் நோக்கி நகைக்கிறான்.

வகுப்பில் இப்பாட்டு நகைச்சுவைக்கு எடுத்துக்காட்டாக நடத்தப்பட்டுச் சிரிப்போடு முடிந்துவிடும். அது போதாது. அப்பெண் அவனைச் ‘சிறுபட்டி’ என்கிறாள். கட்டாமல் விட்ட மாடு பட்டிமாடு. பிறர் வேலிக்குள் நுழைந்து மேய்வது அதன் இயல்பு. அவன் செய்தவை நோகத்தக்கவை என்றும் அவளே தோழியிடம் சொல்லுகிறாள். அவள் நோவை மறைக்கவில்லை. வாயிலில் நிகழ்ந்ததற்கு என்ன பெயர் இடுவது என்று முடிவு செய்யும் உரிமை, ஒரு நொடிப்பொழுது, முற்றிலும் அவள் கையில் இருக்கிறது. அவள் கூவினாள், கூவியவுடன் தாய் வந்தாள். வேண்டியிருந்தால் அவன் அன்றே தண்டனை பெற்றிருப்பான். தன் குரல் செல்லும் என்று அறிந்த பின்னரே அவள் அதனை விக்கலாக மாற்றுகிறாள். அச்செயலை மன்னித்தவள் பட்டவள். அவன் அல்லன், ஊரும் அன்று. கூவினாலும் ஒருவரும் வாராத வீட்டில் அதே செயல் நிகழ்ந்திருந்தால் அப்பாட்டை எவரும் நகைத்துப் படித்திருக்க இயலாது.

ஆண்டாளும் இவ்வகையில் ஏமாறவில்லை. நாச்சியார் திருமொழியில் முதுகு நோவ இருந்து இழைத்த சிற்றிலைச் சிதைக்க வரும் கண்ணனின் செயலுக்கு அவர் இட்ட பெயர் தீமை. பக்தியும் காதலும் நிறைந்த அவ்விடத்தில் அச்சொல் கொஞ்சலாகவே ஒலிக்கிறது. ஆயினும் சொல் தீமையே. முதுகு நொந்தவளுக்கு அதனைச் சொல்ல உரிமை உண்டு. பிற்காலத்தார் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என ஒரு பருவமே வகுத்து, சிதைக்க வேண்டா என்று சிறுமியர் வேண்டுவதாகப் பாடினர். பத்துப் பருவங்களுள் ஒன்றைக் குறும்புக்கென ஒதுக்கிய இலக்கிய மரபு, அதனைச் சிதைப்பவன் வாயால் பாடாமல் கட்டியவர் வாயால் பாடியது.

நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் கூறும். குறும்பைக் கண்டு எழும் சிரிப்பு இளமையைச் சார்ந்தது. ஆனால் எள்ளலும் அதே வரிசையில், அதற்கு முன்னதாகவே நிற்கிறது. சிரிப்பொலியைக் கேட்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. வகுப்பறைக்கு வெளியே நடந்து செல்பவருக்கு உள்ளே எழும் சிரிப்பு எவ்வகையினது என்று தெரியாது. வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டாகச் செய்யினும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று உணர்த்தியமை இதனால்தான்.

இச்சிக்கலை இக்காலத் தமிழர் ஒரு புதுச்சொல்லால் எதிர்கொண்டனர். ஈழத்தார் பகிடிவதை என்றும் மலேசியத் தமிழர் பகடிவதை என்றும் வழங்கும் அச்சொல், வேடிக்கையையும் வதையையும் ஒரே தொகையாகப் பிணைத்துவிட்டது. சிரிப்பவன் பார்வை முன்பாதி. அழுபவன் பார்வை பின்பாதி. சொல்லாக்கம் என்ற அளவில் இதனினும் நேர்மையான சொல் அண்மைக் காலத்தில் தோன்றியதாகத் தெரியவில்லை. 1996-இல் தமிழகத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பின், 1997-இல் அங்கு இதற்கெனத் தனிச்சட்டம் வந்தது. இலங்கையில் 1998-இல் வந்தது. பல காலம் ‘இளைஞர் விளையாட்டு’ எனப்பட்டதைச் சட்டம் வேறு பெயரிட்டு அழைக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. வலியோர் தமக்குப் பிடிக்காத நிமிர்வையெல்லாம் குறும்பு, துடுக்கு, வாலாட்டம் என்று அழைப்பர். பாலை நிலத்தார் தம் அரணைத் தாமே என்ன பெயரால் அழைத்தனரோ; இன்றுள்ளது வேந்தர் பக்கத்துப் புலவர் வைத்த வழக்கு. இந்நாட்டுத் தோட்ட வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது பழைய வழக்கம். இறங்காமல் சென்றவன் துரையின் கண்ணுக்குத் துடுக்கன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். மிதிவண்டியிலிருந்து இறங்காமை யாரையும் சுடவில்லை, யாருடைய பாலையும் கவிழ்க்கவில்லை. தன்மானம் என்று ஒரு பக்கத்தார் அழைத்ததை மறுபக்கத்தார் துடுக்கு என்றனர். ஆகவே பெயரிடும் உரிமையைப் பெரியவர் கையில் மட்டும் விட்டுவிடுதலும் தீர்வாகாது. வகுப்பில் எழுந்து, ‘அது தவறு ஐயா’ என்று சொல்லும் மாணவனின் மதிப்பீட்டுத் தாளில் ‘குறும்பு மிக்கவன்’ என்று எழுதும் பேனா, அந்தத் துரையின் மரபில் வந்ததே.

ஆசிரியர் இரண்டு பிழைகளுக்கும் நடுவே நிற்கிறார். கொடுமையைக் குறும்பு என்றால் ஒரு பிள்ளை கைவிடப்படுகிறது. நிமிர்வைக் குறும்பு என்றால் மற்றொரு பிள்ளை ஒடிக்கப்படுகிறது. இரண்டிலும் அவர் கையாள்வது ஒரே சொல். அகராதி அவருக்கு உதவாது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டினாலும், எதிரே நிற்கும் பையன் யாருக்கு முன் சிறியவன், யாருக்கு முன் பெரியவன் என்பது அதில் இராது. எதிரே நிற்பவனைக் கேட்டால், ‘சும்மா விளையாட்டுக்கு, ஐயா’ என்பான். அவன் பொய் சொல்லுகிறான் என்றும் கூற இயலாது. கேட்க வேண்டியவன் பெரும்பாலும் எதிரே வந்து நிற்பதில்லை.

ரெங்கத்தைச் சூழ்ந்த நிலத்தின் பெரும்பகுதியில் இன்று செம்பனை நிற்கிறது. ரப்பர் விதையைத் தேய்க்கத் தெரிந்த கைகளுக்கு வயதாகிவிட்டது. ஆயினும் அவ்விளையாட்டை நினைவுகூர்வோர் இருவகையினராக இருப்பதைக் கூர்ந்து கேட்பவர் அறிவர். ஒருவகையினர், தாம் சுட்டதையும் சுடப்பட்டதையும் மாறி மாறிச் சொல்லிச் சிரிப்பர். தழும்பு இருந்தால் காட்டவும் செய்வர். மற்றவர் அதே பள்ளியில், அதே ஆண்டில் படித்தவராகவே இருப்பர். அவரும் சிரிப்பார், ஆனால் தாம் ஒரு விதையையேனும் தேய்த்ததாக ஒருபோதும் சொல்லமாட்டார். மரத்தடியெங்கும் விதை கிடந்தது. எடுத்துத் தேய்க்க அவருக்கும் கை இருந்தது. கடைசி வரிசையில், மேசைக்கு அடியில் கையை மறைத்தபடி, சிமிந்தித் தரையில் விதை உரசும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த அவரிடம், அன்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியர் திரும்பி எதுவும் கேட்கவில்லை.